செயற்கைப் படங்களின் பிழைகள்: சிரிப்பதற்கும் சிந்திப்பதற்கும்





செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துச் சிரிப்பது இன்று உலகெங்கும் ஒரு நட்பு விளையாட்டாகிவிட்டது. ஒரு கையில் ஆறு விரல். ஒரு கோப்பைக்கு இரண்டு கைப்பிடி. எங்கும் சென்று சேராமல் சுவரில் முட்டி நிற்கும் படிக்கட்டு. எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளால் ஆன பெயர்ப்பலகை. நண்பர்கள் கூடி, எவர் கொண்டுவந்த படம் மிகவும் கோணலானது என்று போட்டி வைத்துக்கொள்கிறார்கள். பரிசு அழகுக்கு அன்று, பிழைக்கு. நம் பிள்ளைகளிடமும் இந்த விளையாட்டு வந்து சேர்ந்துவிட்டது.

இதை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும் என்பார் சிலர். சிறுவர் விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாம் என்பார் வேறு சிலர். நாம் இரண்டையும் சொல்லவில்லை. முறையாக நடத்தினால், நம் மக்தப் மதரஸாக்களில் கோடை விடுமுறையின்போது வைக்கத் தகுந்த நல்ல பயிற்சி இது என்பதே நம் கருத்து. ஆனால், பிழை தேடக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் அது நன்மையைவிடத் தீமையையே அதிகம் தரும். பிழை தேடும் கண்ணோடு, 'இது யாரிடமிருந்து வந்தது?' என்று கேட்கும் நாவையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அது ஏன் என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

பிழை எங்கிருந்து வருகிறது?

ஒரு பொருளில் உள்ள பிழை, அப்பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1854-இல் கல்கத்தாவில் அச்சான நான்கு அணா அஞ்சல்தலைகளில் சிலவற்றில் ராணி விக்டோரியாவின் தலை தலைகீழாக விழுந்துவிட்டது. சிவப்பு ஒருமுறையும் நீலம் மறுமுறையுமாக அச்சிட்டபோது தாள் திரும்பிப் போனதே காரணம். பிழையற்ற தலைகளைவிட அந்தப் பிழைபட்ட தலைகளையே அஞ்சல்தலை சேகரிப்போர் இன்று பெரும் விலை கொடுத்துத் தேடுகின்றனர். தீப்பெட்டித் தொழில் நடக்கும் நம் கோவில்பட்டி வட்டாரத்தில் நிறம் விலகி அச்சான தீப்பெட்டி லேபிளைப் பார்த்திருப்போர் பலர். எந்த நிறம் முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்பதை அந்த விலகலே சொல்லிவிடும்.

செயற்கைப் படங்களின் பிழையும் அப்படியே. அந்த இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கான படங்களும் அவற்றுக்குரிய விளக்கச் சொற்களும் காட்டப்பட்டுள்ளன. ஒழுங்கற்ற புள்ளிக் குவியலிலிருந்து தொடங்கி, தான் பார்த்த படங்களுக்கு ஒத்ததாக அதைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வந்து ஒரு படத்தை அது உருவாக்குகிறது. கை என்பது பிடிக்கும், எழுதும், தொழுகையில் கட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. படங்களில் கை சிறிதாக இருக்கும், பாதி மறைந்திருக்கும், எதையாவது பற்றியிருக்கும். ஆகவே விரலுக்குப் பக்கத்தில் விரல் வரும் என்று கற்றதே தவிர, ஐந்தோடு நிறுத்த வேண்டும் என்பதை அது எண்ணிக் கற்கவில்லை. எழுத்துகளையும் அது நெடுங்காலம் ஓசையாகவோ பொருளாகவோ அறியாமல் வெறும் வளைவுகளாகவே கண்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டுவைக்க அந்த இயந்திரம் அறியாது. எதையாவது இட்டு நிரப்பிவிடும், தயங்காமல் நிரப்பிவிடும். நம் மார்க்க அறிஞர்களின் வழி இதற்கு நேர்மாறானது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் தொலைவிலிருந்து வந்து கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு 'எனக்குத் தெரியாது' என்றே விடை கூறினார்கள் என்பது அறிஞர் உலகம் நன்கறிந்த செய்தி. அறியாததை அறியேன் என்பது கல்வியின் பாதி. அந்தப் பாதி இயந்திரத்துக்கு வாய்க்கவில்லை என்பதை ஆறாம் விரல் நமக்கு அறிவிக்கிறது.

அசலை அறிந்தவரே பிழையை அறிவார்

ஒரு படத்தில் உள்ள பிழையைக் காண, அசல் எப்படி இருக்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இப்போட்டியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் கயத்தாறைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இங்கே இருக்கிறது. அன்றாடம் அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளையிடம், நான்கு இறக்கைகளோடு வரையப்பட்ட ஒரு காற்றாலைப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். 'நம் ஊர்க் காற்றாடிக்கு மூன்று இறக்கைதானே?' என்று உடனே சொன்னால் அந்தப் பிள்ளை தன் ஊரைப் பார்த்திருக்கிறது. சொல்லவில்லை என்றால், இத்தனை நாளும் அதன் கண் அங்கே இருந்தது. கவனம் அங்கே இல்லை என்று பொருள்.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண். அதன் நடுவே மழைக்காலத்துப் பசுமையோடு நிற்கும் மானாவாரிப் பயிர். இப்படி ஒரு படம் வந்தால் மண்ணறிந்த வீட்டுப் பிள்ளை சிரிக்கும். செடியில் வெடித்து நிற்கும் பருத்தி, சுளை சுளையாகப் பிரிந்திராமல் கடையில் வாங்கிய பஞ்சு உருண்டையைப் போல் இருந்தால், பருத்தி எடுக்கப் போன உம்மா ஒரு நொடியில் காட்டிக்கொடுப்பார். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த பெரிய பிள்ளைக்கு அது தெரியாமல் போகலாம். அப்போது வீட்டில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது மாறும். அதுவும் நல்லதே.

மார்க்க அறிவும் இப்படியே சோதிக்கப்படும். ரமளான் வாழ்த்துப் படங்களைப் பாருங்கள். நள்ளிரவின் உச்சி வானில் மெல்லிய முதற்பிறை காய்கிறது. முதற்பிறை மேற்கே, சூரியன் மறைந்த சற்று நேரத்துக்குள் தென்பட்டு மறைவது என்பதை அறிந்த பிள்ளை இதைப் பிழை என்று சொல்லும். பிறையின் இரு முனைகளுக்கு நடுவே, நிலவின் இருண்ட பாகத்தின் மேலேயே ஒரு நட்சத்திரம் மின்னுகிறது. நிலவின் இருண்ட பாகமும் நிலவுதான். அதற்குப் பின்னால் உள்ள நட்சத்திரம் அதைத் துளைத்துக்கொண்டு தெரியாது. சின்னமாக வரைவது வேறு, வானத்தின் காட்சி என்று வரைவது வேறு. நம் நாட்டில் கிப்லா மேற்குப் பக்கம். ஆகவே ஃபஜ்ருக்குப் பின் எழும் இளவெயிலில் பள்ளிவாசலின் நிழல் மிஹ்ராப் இருக்கும் பக்கத்தில்தான் நீளும். இதைச் சொல்லக்கூடிய பிள்ளை கிப்லாவையும் கதிரவனின் போக்கையும் ஒருசேரக் கற்றிருக்கிறது.

சூரத்துல் முல்க்கின் தொடக்கத்தில் (67:3, 4) அல்லாஹ் தன் படைப்பை மீண்டும் மீண்டும் உற்று நோக்கும்படி நம்மை அழைக்கிறான். ரஹ்மானின் படைப்பில் எந்தக் குறையையும் காணாமல் பார்வை களைத்துத் திரும்பும் என்கிறான். அதாவது, உற்றுப் பார்ப்பது ஒரு முஃமினுக்கு இடப்பட்ட பணி. செயற்கைப் படமோ பெரும்பாலும் முதற்பார்வைக்கு அழகாக இருந்து, இரண்டாம் பார்வையில் தன் குறையைக் காட்டிவிடுகிறது. இரண்டாம் முறை பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குத் தரும் எந்த விளையாட்டையும் நாம் வெறுக்க வேண்டியதில்லை.

ஒரு புள்ளியின் விலை

ஆனால் எல்லாப் பிழையும் சிரிப்பதற்கு உரியதன்று. வாழ்த்துப் படமொன்றில் 'பள்ளிவாசல்' என்பது 'பல்லிவாசல்' என்று விழுந்திருந்தால் வீடே சிரிக்கலாம், தவறில்லை. அரபியில் விழும் பிழைக்கு அப்படிச் சிரிக்க முடியுமா?

மக்தபின் முதல் மாதத்திலேயே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது: பா, தா, ஸா ஆகிய மூன்று எழுத்துகளுக்கும் உடல் ஒன்றே; புள்ளியே அவற்றைப் பிரிக்கிறது. ஹாவின் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தால் அது ஜீம். 'ரஹீம்' என்பது அல்லாஹ்வின் திருநாமம், நிகரற்ற அன்புடையோன். அதே சொல்லில் ஒரேயொரு புள்ளி கூடிவிட்டால் 'ரஜீம்'. நாம் அஊது ஓதும்போது ஷைத்தானுக்குச் சொல்லும் சொல், விரட்டப்பட்டவன். பொருள் வானத்துக்கும் பாதாளத்துக்குமாக மாறிவிடுகிறது. இதற்கிடையில் இருப்பது ஒரு புள்ளி.

எழுத்தை வளைவாக மட்டும் கண்டு வரையும் இயந்திரத்திடம், 'பிஸ்மியோடு ஒரு பெருநாள் வாழ்த்து வரைந்து கொடு' என்று கேட்கிறோம். அது தருவதைப் படித்துப் பார்க்காமலே அனுப்புகிறோம். ஒருவர் அனுப்பியதைப் பத்துப் பேர் அனுப்புகிறார்கள். சிலர் அதையே ஃபிளெக்ஸில் அச்சிட்டுத் தெருவில் கட்டுகிறார்கள். தங்க நிறத்தில் மின்னும் அந்த எழுத்துகளை அருகில் சென்று வாசித்தால் அது எந்தச் சொல்லும் அன்று. சில வேளைகளில் இறைவசனத்தின் பாதி, வேறொரு வளைவோடு ஒட்டிக்கிடக்கும். இயந்திரங்கள் நாளுக்கு நாள் திருந்தி வருகின்றன என்பது உண்மையே. ஆயினும் குர்ஆனின் எழுத்துக்கு 'பெரும்பாலும் சரி' என்பது போதுமா?

நம் முன்னோர் இவ்விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு அரபுத்தமிழே சான்று. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு, ஒரு முழு எழுத்துமுறையையே அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் அந்த எழுத்தில்தான் மார்க்க நூல்களை எழுதி, அரபி அறியாத ஆண்களுக்கும் பெண்களுக்கும் சட்டங்களைக் கொண்டு சேர்த்தார்கள். ஒரு புள்ளி எங்கே வைக்கப்பட வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதிய சமுதாயத்தின் பேரப்பிள்ளைகள் நாம். புள்ளிகளைத் தூவிவிட்ட படத்தைப் பார்த்து 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லிக் கடந்துபோவது நமக்கு அழகன்று.

ஆகவே இதில் நம் நிலை தெளிவானது. இறைவசனத்தையும் அல்லாஹ், ரசூல் பெயர்களையும் இயந்திரத்திடம் வரையச் சொல்ல வேண்டாம். வசனம் தேவைப்பட்டால், சரிபார்க்கப்பட்ட முஸ்ஹஃபிலிருந்து எடுத்துப் பயன்படுத்தலாம். அச்சுக்குப் போகும்முன் ஓர் ஆலிமிடமோ ஹாஃபிழிடமோ காட்டிவிடலாம். சிதைந்த வசனத்தோடு படம் வந்தால் அதைப் போட்டிக்கும் கொண்டுவர வேண்டாம், பிறருக்கும் அனுப்ப வேண்டாம். அழித்துவிட்டு, அனுப்பியவருக்குத் தனியாக, பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை வெள்ளைத் தாளில் கோணல்மாணலாக 'ஈத் முபாரக்' என்று எழுதி வாப்பாவிடம் நீட்டுகிறது. அலிஃப் சற்றுச் சாய்ந்திருக்கிறது; வண்ணம் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அந்தக் கோணல் வேறு, இயந்திரத்தின் கோணல் வேறு. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள் (நூல்: முஸ்லிம்). முயற்சியில் விளையும் பிழையை நம் மார்க்கம் அணைத்துக்கொள்கிறது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆறாம் விரலைப் பார்த்துச் சிரிக்கலாமா?

இப்போட்டிகளில் அதிகமாகச் சிரிக்கப்படுவது ஆறாம் விரலைக் கண்டுதான். சிரிக்கும் முன் வகுப்பறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆறு விரலோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. மாறுகண் உடையவர்கள், உதடு பிளந்து பிறந்தவர்கள், ஒரு கால் சிறுத்தவர்கள் நம் தெருக்களில் வாழ்கிறார்கள். நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து ஓதுகிறார்கள். ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி, 'ஆறு விரல், எவ்வளவு பெரிய பிழை பாருங்கள்!' என்று சொல்லும்போது, பின்வரிசையில் ஒரு பிள்ளை தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டால் அந்தப் போட்டி நமக்குத் தேவையா?

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி எடுப்பதற்காக மரத்தில் ஏறியபோது காற்றில் ஆடை விலகி, அவர்களுடைய மெலிந்த கணுக்கால்கள் தெரிந்தன. அங்கிருந்தோர் சிரித்தனர். எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்தக் கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று அறிவித்தார்கள் (நூல்: அஹ்மத்). ஒருவரை ஒருவர் பரிகசிக்க வேண்டாம் என்ற இறைக்கட்டளையும் (49:11) நாம் அறிந்ததே.

இயந்திரம் ஐந்து விரல் வரைய எண்ணி ஆறு வரைந்தால் அது பிழை. அல்லாஹ் ஒருவருக்கு ஆறு விரல் கொடுத்தால் அது பிழையன்று, அவனுடைய நாட்டம். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு ஊட்டாமல் பிழை தேடும் போட்டி நடத்தக் கூடாது. ஆகவே மனித உடல்களைப் போட்டியிலிருந்து முழுவதுமாக விலக்கிவிடுவதே நல்லது என்று கருதுகிறோம். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவது பற்றி அறிஞர்களிடையே நீண்ட ஆய்வும் கருத்து வேறுபாடும் இருப்பதை நாம் அறிவோம். அந்த ஆய்வுக்குள் இங்கே நுழையவில்லை. ஆனால், படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வரைந்துதான் ஆக வேண்டும் என்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டிய செய்தி (நூல்: புகாரி, முஸ்லிம்) நமக்குப் போதுமானது. மரம், மண், கிணறு, காற்றாலை, கட்டடம், பிறை: போட்டிக்கு இவையே ஏராளம்.

பிழையே தெரியாத படம் வந்தால்?

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். பிழையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் காலம் நீடிக்கப் போவதில்லை. 2023 மே 22-இல் அமெரிக்காவின் பென்டகன் அருகே வெடிப்பு என்று ஒரு பொய்ப்படம் பரவியது. கட்டடத்துக்கு முன்னிருந்த வேலி சுவரோடு கலந்து குழம்பியிருந்ததை உற்றுப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆனால் அதற்குள் பங்குச் சந்தையே சற்று ஆடிவிட்டது. ஒரு வாரத்துக்குள், மே 28-இல், டெல்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் வாகனத்துக்குள் எடுத்துக்கொண்ட படத்தில் முகங்கள் இறுக்கமாக இருந்தன. அதையே சிரித்த முகங்களாக மாற்றி யாரோ பரப்பினார்கள். அசலில் இல்லாத கன்னக்குழிகள் மாற்றப்பட்ட படத்தில் இருந்ததே அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. அடுத்தமுறை கன்னக்குழி விழாமலும் செய்துவிடுவார்கள்.

கண் பழகிய அறிஞர்களும் இதில் தடுமாறினார்கள். 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர், இயந்திரம் ஆக்கிய படத்தை சோனி உலக ஒளிப்பட விருதுக்கு அனுப்பினார். அது ஒரு பிரிவில் பரிசுக்குத் தேர்வானது. அது ஒளிப்படமே அன்று என்று கூறி அவரே பரிசை மறுத்தார். 2024-இல் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி. '1839 விருதுகள்' என்ற போட்டியின் செயற்கைப் படப் பிரிவுக்கு மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் தலையே இல்லாததுபோல் தோன்றும் ஒரு பூநாரைப் பறவையின் படத்தை அனுப்பினார். நடுவர்கள் அதற்கு மூன்றாம் பரிசும், மக்கள் வாக்கில் முதலிடமும் கிடைத்தன. பிறகுதான் தெரிந்தது: அது அவர் நேரில் எடுத்த உண்மையான ஒளிப்படம். பறவை தலையைத் திருப்பி வயிற்றைக் கோதிக்கொண்டிருந்தது; அவ்வளவே. அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து, 'இயந்திரத்தின் அழகான பிழை' என்று பரிசளித்துவிட்டார்கள்! உண்மை தெரிந்ததும் அப்படம் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது.

இவ்விரண்டும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். பிழை இல்லாதது எல்லாம் உண்மை அன்று. விசித்திரமாக இருப்பது எல்லாம் பொய்யும் அன்று. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. இட்டுக்கட்டப்பட்ட செய்திகளில் பல, மொழி அழகிலும் கருத்தழகிலும் குறையற்றவை. அழகைப் பார்த்து நம் இமாம்கள் ஏற்கவில்லை. யாரிடமிருந்து கேட்டாய், அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவர் நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்தார்கள். மறுபுறம், ஒரு செய்தி ஒரே ஒருவர் வழியாக மட்டும் வந்திருக்கிறது என்பதற்காகவே அதைத் தள்ளிவிடவும் இல்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற கருத்தில் அமைந்த, ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே தொடக்கத்தில் தனித்தனி அறிவிப்பாளர்கள் வழியாக வந்த 'கரீப்' வகையைச் சார்ந்ததுதான். தொடர் உறுதியாக இருந்ததால் சமுதாயம் அதை நெஞ்சில் ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். 1799 அக்டோபர் 16-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது கயத்தாறில்தான். அவருடைய பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் முகம் எது? 1959-இல் வந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற தோற்றம். அவரே இங்கு நிலம் வாங்கி 1970-இல் சிலையும் நிறுவினார். இதில் எவரும் ஏமாற்றப்படவில்லை. அது நடிப்பு என்பது தெரியும். நடித்தவர் பெயர் தெரியும். வெளிவந்த ஆண்டு தெரியும். தொடர் வெளிப்படையாக இருக்கிறது. நாளை ஒருவர், 'கட்டபொம்மனின் அரிய உண்மைப் புகைப்படம்' என்று குறையே சொல்ல முடியாத ஒரு பழுப்பு நிறப் படத்தை இயந்திரத்தில் ஆக்கி அனுப்பினால் என்ன செய்வது? விரலை எண்ணிப் பயனில்லை, ஐந்துதான் இருக்கும். ஆனால் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். தூக்குமேடைக்கு நாற்பது ஆண்டுகள் பிந்தி. அந்த ஓர் ஆண்டை அறிந்த பிள்ளையின் முன்னால் எவ்வளவு திருத்தமான பொய்ப்படமும் நிற்காது. கண்ணால் முடியாததை அறிவு செய்துவிடும்.

உண்மையைப் பொய் என்பதும் குற்றமே

பிழை தேடுவதில் மட்டும் ஊறிய மனம் இன்னொரு பள்ளத்தில் விழும். எதைக் கண்டாலும் 'இது ஏஐ படம்' என்று தள்ளிவிடும். இது சிறிய தீங்கன்று.

2024 மே மாதம், ரஃபா முகாமின் மீது நடந்த தாக்குதலுக்குப் பின், கூடாரங்களை வரிசையாக அடுக்கி எழுத்துகள் அமைத்த ஒரு செயற்கைப் படம் இன்ஸ்டாகிராமில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட முறை பகிரப்பட்டது. பகிர்ந்தோரின் பரிவை நாம் ஐயுறவில்லை. ஆனால் உயிரைப் பணயம் வைத்துக் களத்தில் எடுக்கப்பட்ட உண்மைப் படங்கள் எதுவும் அந்த அளவு பயணிக்கவில்லையே என்று அப்போதே பலர் வருந்தினார்கள். அந்தப் படத்தில் ஒரு மனித முகம்கூட இல்லை. 2025 ஆகஸ்டில், காஸாவில் பசியால் எலும்பும் தோலுமான ஒரு சிறுமியின் படத்தை ஏஎஃப்பி செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதைப் பற்றி மக்கள் கேட்டபோது, குரோக் என்னும் செயற்கை நுண்ணறிவு, அது 2018-இல் யமனில் எடுக்கப்பட்ட படம் என்று உறுதியாகச் சொன்னது. அது தவறு. எடுத்தவர் யார், எங்கே, எந்த நாளில் என்பதெல்லாம் பதிவாகியிருந்த உண்மைப் படம் அது. இயந்திரத்தின் சொல்லை நம்பி, பசித்த குழந்தையின் சாட்சியத்தைப் பொய் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

பொய்யை உண்மை என்று பரப்புவது பாவம் என்றால், பாதிக்கப்பட்டவரின் உண்மையைப் பொய் என்று மறுப்பது எவ்வளவு பெரிய அநீதி! செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடும் இறைவசனம் (49:6), அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரிடும் என்று அதற்குக் காரணத்தையும் சொல்கிறது. தெளிவுபடுத்துதல் என்பது ஏற்பதற்கு முன்னால் மட்டும் செய்ய வேண்டியதன்று. மறுப்பதற்கு முன்னாலும் செய்ய வேண்டியது.

மக்தபில் நடத்தினால்...

இந்தக் கோடையில் ஒரு மஹல்லா இப்போட்டியை நடத்த விரும்பினால், நம் பரிந்துரை இதுதான்.

பிள்ளைகள் கையில் செல்பேசி வேண்டாம். ஆசிரியர் தேர்ந்தெடுத்த பத்துப் படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

படங்கள் மரம், நிலம், கட்டடம், வானம், கருவி, தமிழ்ப் பெயர்ப்பலகை ஆகியவையாக இருக்கட்டும். மனித உடலும் இறைவசனமும் வேண்டாம்.

'இது பிழை' என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண். அசல் எப்படி இருக்கும் என்பதை நேரில் சென்று பார்த்து வந்து சொன்னால் முழு மதிப்பெண். ஒரு மாலை காற்றாலையைப் பார்க்கவும், ஒரு மாலை பிறை பார்க்கவும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

இரண்டாம் சுற்றில் பிழையே தெரியாத படங்களையும், விசித்திரமான உண்மைப் படங்களையும் கலந்து கொடுக்க வேண்டும். இங்கே விடைக்குப் பரிசில்லை, கேள்விக்கே பரிசு. எடுத்தவர் யார்? எந்த நாள்? எந்த ஊர்? முதலில் வெளியிட்டவர் யார்? அவர் இதற்கு முன் நம்பத் தகுந்தவராக இருந்தாரா? நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கும், 'உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே யாருக்கும் அனுப்ப மாட்டேன்' என்று சொன்ன பிள்ளைக்கும் ஒரே பரிசு கொடுங்கள்.

இறுதிச் சுற்றுக்குப் பெற்றோரையும் அழையுங்கள். நம் குடும்பக் குழுக்களில் ஆராயாமல் அனுப்புவோரில் பெரும்பாலோர் சிறுவர்கள் அல்லர், பெரியவர்களாகிய நாம்தான். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி (நூல்: முஸ்லிம்) வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும். பிள்ளை வாப்பாவிடம், 'இது யாரிடமிருந்து வந்தது, வாப்பா?' என்று மரியாதையோடு கேட்கும் வீடு, பொய் நுழைவதற்குக் கடினமான வீடு.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (17:36). இயந்திரத்தின் கோணலைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கேட்கவும் கற்கட்டும்.

உள்ளதை உள்ளபடி காணும் பார்வையையும், அறியாததை அறியேன் எனச் சொல்லும் பணிவையும், எவர் மனத்தையும் புண்படுத்தாத நாவையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.